குஸ்கோவில் கட்டிய காப்பு

சிட்னி விமான நிலையத்தில் செல்வி பாதுகாப்பு வாசலைக் கடந்தபோது மெஷின் கத்தியது. பழக்கப்பட்டவள்போல அவள் ஒரு பக்கம் ஒதுங்கி, கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே போர்க்காலத்தில் வெடித்த ஒரு செல்லின், எறிகுண்டின், துண்டு இருக்கிறது. எடுத்தால் நரம்பு பழுதாகிவிடும், இருக்கட்டும் என்று வவுனியாவில் ஒரு டொக்டர் சொன்னார். அது இருக்கிறது. சோதனைக்கு நின்ற பெண் கருவியைக் காலருகே கொண்டுபோய் மறுபடி கத்தவிட்டுப் பார்த்தாள். பிறகு தலையாட்டிப் போகச் சொன்னாள்.

"இவ்வளவு காலமா என்னோட இருக்கு. இப்பதான் முதல்தரம் உல்லாசப் பயணம் போகுது," என்றாள் செல்வி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன்பிடி வள்ளம், கட்டார், மலேசியா, கொஞ்சக் காலம் முகாம் என்று சுற்றி மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். லீவு கிடைத்தால் பையைத் தூக்கிவிடுவேன். தஸ்மேனியாவைக் கால்நடையாகச் சுற்றியிருக்கிறேன், நேபாளம் போயிருக்கிறேன், புரூம் வரை பஸ்ஸில் போய்த் திரும்பியிருக்கிறேன். எல்லாம் தனியே. முதியோர் இல்லமொன்றில் சலவை வேலை செய்யும், ஆங்கிலம் அவ்வளவாக வராத என் மனைவி செல்வி, நோபல் பார்க் வீட்டில் இருந்தபடி, நான் கொண்டுவரும் படங்களைப் பார்ப்பாள். கலியாணம் முடித்து ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு.

இந்த முறை பெரு நாடு, இன்காக்களின் மலைப்பாதை என்றேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "நானும் வாறன்," என்றாள்.

என்னையறியாமல் அவளுடைய காலைப் பார்த்துவிட்டேன்.

"காலைப் பாக்காதைங்கோ. முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

முகத்தைப் பார்த்தபிறகு மறுக்க முடியவில்லை.

அந்தப் பாதையில் யாரும் தன்பாட்டில் நடக்க முடியாது. அனுமதி பெற்ற வழிகாட்டியோடுதான் விடுவார்கள். நாலு நாள், நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கூடாரம், சாப்பாடு, சுமைகாரர், நுழைவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு ஆஸ்திரேலிய டொலர். விமானச் சீட்டு வேறு. இரண்டு கைத்தடிகளோடு மெதுவாக நடந்தால் காலுக்குப் பயமில்லை என்று குடும்ப டொக்டர் சொன்னார். மூன்று மாதம் அவள் டண்டினோங் மலைப்பக்கம் படியேறிப் பழகினாள்.

மெல்பேர்ணிலிருந்து சிட்னி; சிட்னியிலிருந்து சிலி நாட்டுச் சந்தியாகோவுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். நடுவில் திகதிக்கோட்டைக் கடப்பதால், மத்தியானம் சிட்னியில் ஏறி, அதே நாள் மத்தியானத்துக்கு முன்னர் சந்தியாகோவில் இறங்கினோம். பிறகு லீமா, பிறகு குஸ்கோ.

குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து நானூறு மீற்றர் உயரம். ஹோட்டல் படியில் ஒரு சூட்கேசைத் தூக்கியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல ஒரு வலி. வாசலில் கொதிதண்ணீரும் கொக்கா இலையும் இலவசமாக வைத்திருந்தார்கள். போட்டுக் குடித்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர்போல இருந்தது; ஆனால் வலி குறைந்தது. நகரத்தின் சுவர்களில் கீழ்ப்பாதி இன்காக்கள் அடுக்கிய கல். மேற்பாதி பின்னால் வந்த ஸ்பானியர் கட்டிய காரைச் சுவர். நான் கட்டாரில் கல் வேலை செய்தவன். கீழ்ப்பாதிக் கற்களின் பொருத்தில் என் கடன் அட்டையைச் செருகிப் பார்த்தேன். போகவில்லை. ஊருக்கு மேலே சக்சாய்வமான் என்ற இடத்தில் என்னைவிட இரண்டு மடங்கு உயரமான கற்களையும் அப்படியே பொருத்தியிருந்தார்கள். சாந்து இல்லை. சுவர் முழுவதும் உட்பக்கம் சற்றே சாய்ந்து, மலையின்மேல் முதுகைக் கொடுத்து நின்றது.

எங்கள் வழிகாட்டி நெலி அந்த மலைப்பக்கக் கிராமமொன்றில் பிறந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் பேசுவது கெச்சுவா, பள்ளியில் படித்தது ஸ்பானியம், எங்களோடு பேசியது ஆங்கிலம். முதல் நாளே தன் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அடுப்படியில் கால்களுக்கிடையே கினிப்பன்றிகள் ஓடித் திரிந்தன.

"குசினிக்குள்ள எலி வளர்க்கினம்," என்று என் காதுக்குள் சொன்னாள் செல்வி.

"எலியில்லையப்பா. சாப்பிடுறதுக்கு."

"அப்ப நான் தப்பினன்."

ஏன் தப்பினாள் என்பது எனக்கு அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தது. தீபாவளிக்கு மறுநாள் அது. ஹோட்டல் அறையில் அவள் முழுகிவிட்டு வந்து, டிஷ்யூவில் சுற்றியிருந்த ஒரு தர்ப்பைக் கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஐயரிட்டச் சொல்லி முன்னமே வாங்கி வந்தனான். கட்டி விடுங்கோ."

கந்தசஷ்டிக் காப்பு. இடது மணிக்கட்டில் அதைக் கட்டினால் ஆறு நாள் விரதம். அவள் பாலும் பழமும் மட்டும் எடுப்பாள். ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் முடிந்து, ஏழாம் நாள் விடிந்தபிறகுதான் பாரணை, சாப்பாடு. வருடாவருடம் பிடிக்கிறாள் என்று தெரியும். மலையேற வந்த இடத்தில் இந்த ஒரு முறை விட்டுவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

"நாலு நாள் மலை ஏற வேணுமெல்லோ. இந்த வருசம் விடலாம்தானே?"

"முருகனுக்கு லீவு குடுக்கேலுமோ? மலையெல்லாம் அவன்ரதானே. அவன்ர வீட்டுக்கு வந்து நிண்டுகொண்டு சாப்பிடுறதோ?"

கட்டிவிட்டேன். என்ன வேண்டிப் பிடிக்கிறாள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காதாம். எனக்கு ஓர் ஊகம் இருந்தது. நான் தஸ்மேனியா போய்வந்த வருடம்தான் அவள் இதைத் தொடங்கினாள். இந்த மனுசன் ஓரிடத்தில் இருக்க வேணும் என்பதைத் தவிர அவள் என்ன கேட்டிருப்பாள்?

அன்று பின்னேரம் நெலி எங்கள் குழுவை, எங்களோடு சேர்த்து எட்டுப் பேரை, இருத்திவைத்துப் பாதையின் விதிகளைச் சொன்னாள். செல்விக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்று எங்கள் இருவரையும் நிமிர வைத்தது.

"இரண்டாம் நாள் நாலாயிரத்து இருநூறு மீற்றர் உயரக் கணவாயைக் கடக்கிறோம். அதைத் தாண்டினால் திரும்பி வருவது கஷ்டம். ஆகவே அதற்கு முன்னரே நான் முடிவெடுப்பேன். பசி நின்றுபோவது மலை நோயின் முதல் அடையாளம். சாப்பிடாத ஆளை நான் மேலே கொண்டுபோக மாட்டேன்."

"சொல்லுவமோ?" என்று தமிழில் கேட்டேன்.

"விரதத்தைத் தம்பட்டம் அடிக்கிறதோ? பேசாம இருங்கோ."

மறுநாளும் உயரத்துக்கு உடம்பைப் பழக்கவென்று குஸ்கோவிலேயே நின்றோம்.

முதலாம் நாள் நடை கிலோமீற்றர் எண்பத்திரண்டு என்ற ரயில் பாதை அடையாளத்திலிருந்து தொடங்குகிறது. கடவுச்சீட்டைக் காட்டி, உருபம்பா ஆற்றின் மேலுள்ள தொங்கு பாலத்தைக் கடந்தோம். கள்ளிச்செடியும் செம்மண்ணும். மத்தியானத்துக்குள் கீழே பள்ளத்தில் பட்டயாக்தா என்ற பழைய ஊரின் படிவயல்கள் ஆற்றின் வளைவோடு வளைந்து கிடந்தன. டயர் ரப்பரில் செய்த செருப்போடு சுமைகாரர்கள் எங்களைக் கடந்து ஓடினார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூடாரம் அடித்து, மேசை விரித்து, சூப்பு வைத்திருந்தார்கள்.

அந்தச் சூப்பில் எங்கள் கள்ளத்தனம் தொடங்கியது. செல்வி தன் கோப்பையை மெல்ல என் பக்கம் நகர்த்துவாள். என் வெறுங்கோப்பை அவள் பக்கம் போகும். பிறகு சோறு, பிறகு உருளைக்கிழங்கு. அவள் ஒரு வாழைப்பழத்தையும் ஒரு கோப்பைப் பாலையும் வைத்துக்கொண்டு எல்லாரோடும் சிரித்துக்கொண்டிருந்தாள். அடிலெயிட்டிலிருந்து வந்த ஒரு பெடியன் என்னை வியப்போடு பார்த்தான்.

"எங்கே ஐயா போகிறது இவ்வளவும்?"

"மலை," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். எல்லாரும் சிரித்தார்கள். சமையல் கூடாரத்தின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு முகம் மட்டும் சிரிக்காமல் பார்த்தது. அது ஃபௌஸ்தோ. சமையற்காரர். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் வெளிக்கிடும்போது நெலி ஆளுக்கொரு சிறு கல்லைப் பொறுக்கச் சொன்னாள். கீழேயிருந்து ஒரு கல்லைச் சுமந்துபோய்க் கணவாய் உச்சியிலுள்ள குவியலில் வைப்பது அந்த மலைச் சனங்களின் வழக்கம். களைப்பையும் கவலையையும் கல்லோடு இறக்கி வைத்துவிட்டுப் போகலாமாம். மலைகளை அவர்கள் அப்பு என்கிறார்கள். ஐயா, எசமான் என்று அர்த்தம். கணவாயின் பெயர் இறந்த பெண்ணின் கணவாய். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோல இருக்கும்.

"பேரைப் பாருங்கோ. எனக்கெண்டே வைச்சிருக்கினம்," என்றாள் செல்வி. நெல்லிக்காய் அளவில் ஒரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பாதை பாசி பிடித்த காட்டுக்குள்ளால் செங்குத்தாக ஏறியது. கல்லுப் படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். செல்வி முதலில் கைத்தடிகளை மாறிமாறி ஊன்றி நன்றாகத்தான் ஏறினாள். காடு முடிந்து புல்வெளி வந்த இடத்தில் அவளுடைய அடிகள் கோணத் தொடங்கின. "கொஞ்சம் இருப்பம்," என்றாள். அவள் தானாக அப்படிக் கேட்பவள் அல்ல. உட்கார வைத்தபோது உதடு வெளுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

நெலி ஓடிவந்து விரலில் ஒக்ஸிஜன் அளக்கும் கருவியைப் பூட்டிப் பார்த்தாள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் ஃபௌஸ்தோ பதில் சொன்னார். மத்தியானச் சமையலுக்காக அவருடைய கூடாரம் அந்தப் புல்வெளியில்தான் போட்டிருந்தது. அவர் கெச்சுவாவில் சொன்னதை நெலி எங்களுக்குச் சொன்னாள்.

"மமீத்தா நேற்றும் சாப்பிடவில்லை, இன்றும் சாப்பிடவில்லையாம். இந்த ஐயாதான் இரண்டு கோப்பை குடித்தாராம். தன் சமையலில் என்ன பிழை என்று தெரியாமல் இவர் இரவு முழுக்க யோசித்தாராம்." மமீத்தா என்பது நாங்கள் அம்மா என்று சொல்வதுபோல. நெலி என் பக்கம் திரும்பினாள். "உன் மனைவி கீழே போக வேண்டும். ஒரு சுமைகாரரைத் துணைக்கு அனுப்புகிறேன்."

செல்வி குனிந்து, அவிழாமலிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினாள். இரண்டு முறை கட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை.

"இது நோய் இல்லை," என்றேன். "இது விரதம்." காப்புக் கட்டிய அவளுடைய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் கடவுளும் மலையில் இருப்பவர், ஆறு நாள் பாலும் பழமும்தான், நான் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பெண் பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன்.

"ஏன் முதலே சொல்லவில்லை?" நெலிக்குக் கோபம். "அந்தச் சமையல்காரருக்காவது சொல்லியிருக்கலாமே. எங்கள் ஊரில் சூப்பைத் தொடாமல் திருப்பினால் சமைத்தவரையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்."

நான் இதைத் தமிழில் சொன்னதும் செல்வி ஃபௌஸ்தோவைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பால், பழம் தவிர வேறு என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டாள் நெலி.

"உடம்புக்கு ஏலாவிட்டால் வேறும் கொஞ்சம் எடுக்கலாம், தானியம் மட்டும் கூடாது," என்றேன், செல்வியைக் கேட்டு.

இருவரும் கெச்சுவாவில் ஏதோ பேசினார்கள். ஃபௌஸ்தோ உள்ளே போய், பெரிய தகரக் குவளையில் ஆவி பறக்க ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பிளும் கறுவாப்பட்டையும் பாலும் போட்டுக் காய்ச்சிய கினோவா. குஸ்கோ தெருக்களில் காலையில் ஒரு கிளாஸ் பெரு நாட்டுக் காசில் மூன்று சோல் என்று விற்கிறார்கள். செல்வி முகர்ந்து பார்த்தாள். அடியில் மணிமணியாகக் கிடந்ததைக் கரண்டியால் கிளறினாள்.

"இது என்ன, குறுணலோ?"

அதையே நெலியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். நெலி சிரித்துவிட்டாள். கைபேசியில் தன் தாயின் தோட்டத்துப் படத்தை எடுத்துக் காட்டினாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கதிர் விட்ட செடிகள். "இது புல்லில் விளையும் தானியம் இல்லை. இதன் இலையை நாங்கள் கீரையாகச் சமைப்போம்."

நான் தமிழில் சொல்லக் கேட்டபடி செல்வி படத்தை விரலால் பெரிதாக்கினாள். வெளுத்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"இஞ்ச பாருங்கோ, எங்கட முளைக்கீரை முத்திப் பூத்து நிக்கிறமாதிரியெல்லோ இருக்கு! கீரை விதை எண்டா தானியமில்லை."

"நீயே தீர்ப்புச் சொல்லுறியோ?"

"வேற ஆர் இருக்கினம் இஞ்ச? அப்ப ஐயரைக் கூப்பிடுங்கோவன்."

இரண்டு குவளை குடித்தாள். மற்றவர்களைத் துணை வழிகாட்டியோடு மேலே அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் பார்க்கிறேன், முகம் மாறாவிட்டால் கீழேதான் என்று சொல்லி நெலி எங்களோடு புல்லில் இருந்தாள். மேலே கணவாயைப் பனி மூடித் திறந்து மூடியது. ஃபௌஸ்தோ பாத்திரம் கழுவுவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் நெலி மறுபடி கருவியைப் பூட்டினாள். செல்வியின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"நட," என்றாள்.

உச்சிக்கு நாங்கள்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. நெலி மூன்று கொக்கா இலைகளை விசிறிபோலப் பிடித்து, மலைகளைப் பார்த்து அவற்றின்மேல் ஊதி, ஒரு கல்லின்கீழ் வைத்தாள். செல்வி தன் கல்லைக் குவியலில் வைத்தாள். பிறகு கண்ணை மூடி, உதடு அசைய நெடுநேரம் நின்றாள். இன்னும் என்னைப் பற்றித்தான் முறையிடுகிறாள் என்று நினைத்து, நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

மூன்றாம் நாள் முழுக்க அவளுக்குப் பின்னால் நடந்தேன். இறக்கத்தில்தான் அவளுடைய முழங்காலுக்குச் சோதனை. ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டில் திரும்பிக் காலை வைத்தாள். முன்னால் நடந்து போய்த் திருப்பத்தில் நின்று காத்திருப்பதுதான் என் பழக்கம். டண்டினோங் சந்தையில்கூட அப்படித்தான். இப்போது பின்னால் நடந்ததால் பாதையே வேறாக இருந்தது. பாசிக்குள் நகத்தளவு ஓர்க்கிட் பூக்கள். படிகளுக்குக் கீழால் தண்ணீர் ஓடப் பழையவர்கள் விட்ட துவாரங்கள். எத்தனை மழையைக் கண்டும் படி அசையாததன் காரணம் அதுதான். மலை விளிம்பில் சயாக்மார்க்கா என்ற ஊர், கூரை மட்டும் போன வீடுகளோடு. ஒரு வீட்டு யன்னலுக்குள்ளால் பார்த்தால் முழுவதும் முகில்.

"இவ்வளவும் கட்டின சனம் எங்க போச்சுது?" என்று செல்வி கேட்டாள்.

நெலிக்குச் சொன்னேன். "எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்," என்றாள் அவள். "எங்கேயும் போகவில்லை. உன் மனைவிக்குக் கினோவா காய்ச்சிக் கொடுத்தது யார்?"

அதைச் செல்விக்குச் சொன்னபோது அவள் நடந்துகொண்டே பலமாகத் தலையாட்டினாள்.

சுமைகாரர்களும் சமையற்காரரும் கடைசி நாள் மச்சு பிச்சுவுக்கு வருவதில்லை. விடியுமுன்னரே ரயில் பிடிக்க இறங்கிவிடுவார்கள். ஆகவே அன்று பின்னேரம் வினாய் வைனா முகாமில் விடைபெற்றோம். ஃபௌஸ்தோ ஒரு காஸ் அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ ஒரு கேக் சமைத்திருந்தார். செல்வியிடம் அதை நீட்டவில்லை. கோடு போட்ட ஒரு துணி முடிச்சைக் கையில் கொடுத்தார்.

"உங்கள் கடவுள் விட்டதும் சாப்பிடுங்கள் மமீத்தா, என்கிறார்," என்றாள் நெலி.

நாலாம் நாள் எங்களை இருட்டோடு எழுப்பினார்கள். செல்வி தலைவிளக்கைக் கட்டிக்கொண்டே, "கோயிலில சூரன் விழுந்திருப்பான்," என்றாள். மெல்பேர்ண் எங்களுக்குப் பதினாறு மணி நேரம் முன்னால்; அங்கே ஆறாம் நாள் இரவு. மச்சு பிச்சுவுக்கு மேலேயுள்ள சூரிய வாசலில் ஏறி நின்றபோது வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றுமில்லை. காத்திருந்தோம். பனி ஒரு பக்கமாகக் கிழிந்து, முதலில் ஒரு மலை, பிறகு படிவயல்கள், பிறகு சாம்பல் நிறத்தில் ஊர் முழுவதும் தெரிந்தது. படங்களில் பார்த்ததுதான். ஆனால் படங்களில் அது இவ்வளவு சின்னதாக, யாரோ உள்ளங்கையில் வைத்திருப்பதுபோல, தெரிவதில்லை. ஊருக்குள் ஒரு மூலையில் இன்காக்களின் கல்லுடைக்கும் இடம் இருக்கிறது. பாதி பிளந்த கற்கள் அப்படியே கிடக்கின்றன. மற்றவர்கள் கோயில்களைப் பார்க்க, நான் அங்கேதான் கனநேரம் நின்றேன். நாளைக்கு வேலை தொடரும் என்று வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

பன்னிரண்டு அமெரிக்க டொலர் கொடுத்து பஸ்ஸில் அகுவாஸ் கலியெந்தெஸ் நகரத்துக்கு இறங்கினோம். ஆற்றங்கரைக் கடையில் எல்லாரும் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். நேரம் இரண்டு மணியைத் தாண்டியிருந்தது.

"நோபல் பார்க்கில விடிஞ்சிட்டுதோ?" என்றாள் செல்வி.

கைபேசியில் பார்த்தேன். "விடிஞ்சிட்டுது."

"அப்ப கழட்டுங்கோ."

ஆற்றுக் கரைக்கு இறங்கினோம். மழையிலும் வேர்வையிலும் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தேன். அவள் தர்ப்பையை ஓடும் தண்ணீரில் விட்டாள். பிறகு கல்லொன்றில் இருந்து ஃபௌஸ்தோவின் துணி முடிச்சை அவிழ்த்தாள். உப்புப் போட்டு வறுத்த பெரிய சோளம், தோலோடு அவித்த சின்ன உருளைக்கிழங்கு. முதல் கிழங்கில் ஒரு துண்டு கிள்ளி ஆற்றங்கரை மண்ணில் வைத்தாள். அது எங்கள் வழக்கமா, நெலியிடம் பார்த்ததா, நான் கேட்கவில்லை.

எங்களைத் தேடி வந்த நெலி செல்வியைப் பார்த்துக் கேட்டாள். "உங்கள் கடவுள் வேண்டுதலைக் கேட்டாரா? இனி இவர் வீட்டில் இருப்பாரா?"

செல்விக்கு விளங்கவில்லை. நான் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னேன். அவள் வாயில் சோளத்தோடு சிரிக்கத் தொடங்கி, புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இவருக்காகவோ? ஆர் சொன்னது? ஒன்பது வருசமா இந்த மனுசன் இப்பிடியோ நினைச்சுக்கொண்டு இருக்குது?" தன் இடது காலைத் தட்டிக் காட்டினாள். "நான் காலுக்கெல்லோ கேட்டனான். இவரோட நடக்கக் கால் தா எண்டு."

நெலிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. அவள் மொழிபெயர்ப்பைக் கேட்கவும் இல்லை. என் கையில் நாலு சோள மணியை வைத்துவிட்டு, செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் சிட்னியில் மெஷின் மறுபடி கத்தியது. நோபல் பார்க்கில் இப்போது பழையபடி வேலை, வீடு. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேசனுக்கு நடந்தால் எனக்குப் பத்து நிமிடம், அவளுக்கு இருபது. சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது முன்பெல்லாம் அவள் முதலில் வெளிக்கிடுவாள். நான் ஐந்து நிமிடம் பொறுத்து வெளிக்கிட்டு, அவளைக் கடந்து போய் ஸ்டேசனில் நிற்பேன். இப்போது நானும் அவளோடேயே வெளிக்கிடுகிறேன். அந்தத் தெருவில் ஒரு வீட்டு வேலியோரம் முளைக்கீரை நிற்கிறது. இத்தனை வருடம் நான் அதைக் கண்டதில்லை.